நாக்குள்ள சாமை, நாக்கில்லாத சாமா

அஞ்சல்காரர் வந்தபோது நான் வேடியப்பனுக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அட்டை பாதி நிறைந்திருந்தது. "பட்டாளத்தாரே, ஆறாவது மொழி அகப்பட்டது! ஆரணியில் வீட்டுக்குள் மராத்தி பேசும் தையற்காரர் ஒருவர் நம் சாமையைச் 'சாவா' என்கிறார். கன்னடக்காரரின் 'சாவெ' நினைவிருக்கிறதா? அங்கேயும் மகரம் தேய்ந்து வகரம், இங்கேயும் மகரம் தேய்ந்து வகரம். இப்போது என்ன சொல்கிறீர்?" என்று எழுதிவிட்டு, அவரைச் சீண்டுவதற்கு இன்னும் ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மூலையில் கறுப்பு மை தடவிய இன்னோர் அட்டை என் கையில் விழுந்தது. அவருடைய மகன் குமார் எழுதியிருந்தான். "அப்பா போய்ட்டார். சாமை விதைத்து முடித்த மறுநாள் காலை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வாத்தியார் ஐயா அவசியம் வரவும்."

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கேள்வி இருக்கிறது. மற்றொன்றில் பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

வேடியப்பனை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். புதூர்நாட்டில் அவரை அறியாதவர் இல்லை. ஆனால் உங்களில் பலர் அவரைக் கதை அளக்கிறவர் என்றே அறிந்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கைத் திருத்தத்தான் பேனா எடுத்தேன். நினைவு மலர் போடுகிறவர்கள் இரண்டு பக்கத்துக்குள் முடிக்கச் சொன்னார்கள். முடியாது.

"வாத்தியார் ஐயா" என்று குமார் எழுதியிருப்பது என்னைத்தான். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்ததில்லை. கலசப்பாக்கத்துக்குப் பக்கத்து நெல்வயல் ஊர்க்காரன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. புதூர்நாட்டு விதைக் கிடங்கில் தராசு பிடிப்பவனாக மலையேறினேன். சொல் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தேடுவது என் பைத்தியம். அதற்காகவே அரிச்சுவடிகள் வாங்கி, தெலுங்கு, கன்னடம், இந்தி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இந்தி எழுத்தைப் படித்ததற்காக என் ஊரில் ஏசினார்கள். காணாமற்போன மாட்டைத் தேடுகிறவன் பகையாளி பட்டியிலும் எட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று சொன்னேன். எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேடியப்பன்தான் எனக்கு "வாத்தியார்" என்று பெயர் வைத்தார். அதில் பாதி கேலி. பிறகு மலை முழுவதும் அதுவே என் பெயராகிவிட்டது.

அவரை முதலில் சந்தித்த நாளைச் சொல்கிறேன். குப்பம் பக்கத்திலிருந்து வந்த லாரியின் கிளீனரிடம் நான் ஒரு பிடி சாமையைக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவன் "சாமலு" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழில் சாமை, மலையாளத்தில் சாமா, கன்னடத்தில் சாமெ என்று மூன்று மொழிகள் ஏற்கெனவே என் நோட்டில் இருந்தன. இப்போது தெலுங்கும் வந்துவிட்டது! தராசை விட்டுவிட்டு நோட்டை எடுக்க ஓடினேன். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னாங்க வாத்தியாரே, லாரிக்காரன் வாயில இன்னாத்தத் தேடுறீங்க?"

திரும்பினேன். முழங்காலுக்கு மேலே வெட்டித் தைத்த பழைய பட்டாளத்துக் கால்சட்டையில் ஒருவர் நின்றிருந்தார்.

"வார்த்தை தேடறேன்."

"வார்த்தையா? எங்கிட்ட மூட்ட மூட்டையாக் கெடக்குது. எவனும் வாங்க மாட்டேன்றான்."

அவர் பட்டாளத்தில் சமையற்காரராக இருந்து திரும்பியவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் வேலை முடிந்து ஊர் திரும்பியபின் எழுதிய அட்டைகளைக் குமார்தான் அவருக்குப் படித்துக் காட்டுவான். ஆனால் பல ஊர்க்காரர்களுக்குப் பரிமாறிய காதுகள் அவருடையவை. எந்த மொழிக்காரன் எந்தத் தவசத்தை, அதாவது தானியத்தை, எப்படிக் கூப்பிடுவான் என்பது அவருக்கு அத்துப்படி. அன்று மாலை வரை கிடங்கு வாசலில் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கேழ்வரகுக்கு மட்டும் எனக்கு ஒரு பக்கம் ஆயிற்று. சாமைக்கு வந்தபோது அவர் சிரித்தார்.

"அத்த மட்டும் கேக்காதீங்க. அதுல நான் ஏமாந்த கத இருக்குது."

"சொல்லுங்க."

"வடக்கத்திக்காரங்க ஒம்பது நாளு விரதம் இருப்பாங்க. அரிசி, கோதும தொடமாட்டாங்க. 'வேடி, சாமா அரிசி ஆக்கு'ன்னு மூட்டையப் பிரிச்சிக் குடுத்தாங்க. சாமான்னதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சி. மலய வுட்டு வந்து ரெண்டு வருசம். நம்ப சாமைடான்னு ஆசையா ஆக்கி, மொத கவளத்த வாயில வச்சேன்."

"வச்சு?"

"ஊருக்காரன்னு நெனச்சி ஓடிப்போயிக் கட்டிப்புடிக்கிறோம். மூஞ்சியப் பாத்தா வேற ஆளு. அப்பிடி இருந்துச்சி."

நான் அந்தக் கதையின் கடைசிப் பகுதியை எழுதவில்லை. "இந்தி: சாமா" என்று மட்டும் எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டேன். ஐந்தாவது மொழி! அந்தக் கோடுகள்தான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தன.

அதன்பின் வாரம் ஒருநாளாவது நாங்கள் சண்டை போடாமல் இருந்ததில்லை. வடமொழியில் சாமைக்குச் "சியாமாகம்" என்று பெயர். "சியாம" என்றால் கறுப்பு. அதிலிருந்துதான் எல்லா மொழிகளுக்கும் சாமை போயிற்று என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் ஒப்புக்கொள்ளமாட்டேன். உமி போகாத சாமையின் நிறத்தைப் பாருங்கள். சாம்பலும் சாமையும் ஏன் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கக் கூடாது? இதை விரித்து ஒரு கட்டுரை எழுதி ஆராய்ச்சி இதழ் ஒன்றுக்கு அனுப்பினேன். "தங்கள் கல்வித் தகுதியைத் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி எழுதி, கட்டுரையைத் திருப்பிவிட்டார்கள். ஆத்திரத்தோடு வேடியப்பனிடம் காட்டினேன். அவருக்கு நானே படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"தகுதியக் கேட்டாங்களா? ஒரு பிடி தவசத்தக் கேட்டாங்களா?" என்றார்.

"தவசத்தை ஏன் கேக்கணும்? இது சொல்லாராய்ச்சி."

"அதான் கேக்கல. வுடுங்க வாத்தியாரே. மலையில கருஞ்சாமையும் கீது, வெளுத்த சாமையும் கீது. கருப்பு அவங்களுக்கு, சாம்பலு உங்களுக்கு. ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டுப் போங்க."

எனக்கு ஒரு வாரம் அவரோடு பேச்சில்லை. எட்டாம் நாள் ஒரு பலாப்பழத்தைத் தோளில் சுமந்து வந்து, "கன்னடத்துல சாமென்னு மட்டுமில்ல, சாவென்னும் சொல்லுவானுங்க, எழுதிக்கங்க" என்றார். பேச்சு மறுபடி தொடங்கிவிட்டது.

இனி மூட்டைகளுக்கு வருகிறேன். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் மழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். குதிர்களைத் தட்டினால் வெற்று ஓசைதான் வந்தது. விதைக்கென்று வைத்திருந்த சாமையையும் குத்தித் தின்றாயிற்று. அடுத்த வருஷ விதைப்புக்குக் கிடங்கை விட்டால் வேறு வழியில்லை. ஒரு மழை, ஒரு விதைப்பு. தப்பினால் இன்னொரு வருஷமும் பட்டினி. அப்படி மலையே வழி பார்த்துக் காத்திருந்தபோது லாரி வந்தது. எங்கோ வடக்கிலிருந்து ரயிலில் வந்து, கீழே லாரிக்கு மாறிய மூட்டைகள். பக்கவாட்டில் கறுப்பு மையில் இந்தி எழுத்து.

"யோவ், இன்னா எழுதியிருக்குது, படி" என்றார் கிடங்கு அலுவலர்.

படித்தேன். சாமா.

என் நெஞ்சு அடித்துக்கொண்டதை எப்படிச் சொல்வது! அதுவரை அந்தச் சொல்லை நான் வாய்களில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இப்போது அது அச்சாகி, மூட்டை மூட்டையாக, நான் வேலை செய்யும் கிடங்கின் வாசலிலேயே வந்து இறங்குகிறது. என் நோட்டில் கோடு போட்ட சொல்! அலுவலரின் தாளில் "சாமை விதை" என்றே தமிழில் இருந்தது. வழியில் எவரோ என்னைப் போன்ற காதுக்காரர் அப்படி மாற்றி எழுதியிருக்க வேண்டும். "சாமான்னா சாமைதானேய்யா?" என்று அலுவலர் கேட்டார். "சந்தேகமே வேணாங்க, வார்த்தை ஒண்ணுதான்" என்றேன். அதோடு நின்றேனா? கூடியிருந்த மக்கள் முன் ஒரு பிரசங்கமே செய்தேன். எந்தக் காலத்திலோ இங்கிருந்து வடக்கே போன நம் சாமை இன்று தாய்வீடு திரும்பியிருக்கிறது என்றேன்.

முன்னால் நின்ற ஒரு பெரியவர் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இன்னா வாத்தியாரே, மணி உருண்டையா கீது, ஒரு பக்கம் தட்டையா வேற கீதே? நம்ப சாமை இப்பிடி இருக்காதே?"

"சிட்டஞ்சாமை சின்னது, பெருஞ்சாமை பெருசு. ரெண்டும் சாமைதானே? இது வடக்கத்திச் சாமை. மண்ணு வேற, தண்ணி வேற. பேரு ஒண்ணு."

"படிச்சவங்க நீங்க சொன்னா சரி."

கண் "இல்லை" என்றது. நான் "ஆமாம்" என்றேன். அவர்கள் கண்ணை விட்டு என்னை நம்பினார்கள்.

அப்போது வேடியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நாலு மணியை உள்ளங்கையில் போட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார். உமியை ஊதினார். வாயில் போட்டு மென்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, பேரு ஒண்ணுதான். ஆளு வேற."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பட்டாளத்தாரு ஆரமிச்சிட்டாருடா!" என்று ஒருவர் கத்தினார். "அன்னிக்கு யானைக்கே தோச சுட்டவராச்சே!" என்றார் இன்னொருவர். உண்மைதான். சமையற்கட்டுக் கதைகளை அவர் அவ்வளவு ஊதி ஊதிச் சொல்லியிருந்தார். அவர் வாயிலிருந்து உண்மை வந்த நாளில் அதைக் கதை என்றார்கள்.

நான் அன்று செய்ததை மறைக்கப்போவதில்லை. "மூட்டை மேல் எழுதியிருக்கிறது. உமக்கு எழுத்துத் தெரியுமா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். என் தகுதியைக் கேட்டவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்ததோ, அதே கேள்வியை நானே அவரிடம் கேட்டேன். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் முகம் சிறுத்தது. ஆனால் குரல் மாறவில்லை. "எழுத்து தெரியாது. பேரு நாக்குல இருக்குது வாத்தியாரே, தவசம் நாத்துல இருக்குது. பன்னெண்டு நாளு குடுங்க."

விநியோகத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. தோற்கடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது வரும்? சரி என்றேன். கிடங்குக்குப் பின்னால் இரண்டு உடைந்த சட்டிகளில் மண் நிரப்பினோம். வலதில் மூட்டைச் சாமா. இடதில் அவர் வீட்டிலிருந்து துணியில் முடிந்து கொண்டுவந்த சாமை. எல்லாரும் தின்று தீர்த்த பிறகும் ஒரு பிடியை அவர் எங்கேயோ காப்பாற்றி வைத்திருந்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளைப் போல் நான் வாழ்க்கையில் எதற்கும் பரபரத்ததில்லை. காலையில் பல் துலக்குமுன் சட்டிகளைப் பார்ப்பேன். அவரும் அவர் ஊரிலிருந்து நடந்து வந்து பார்ப்பார். முளை விட்ட அன்று இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு குனிந்தோம். இரண்டும் பச்சை. இரண்டும் ஊசி ஊசியாக. ஏழாம் நாள் பார்த்தாலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"இன்னா பட்டாளத்தாரே, வேற ஆளுன்னீங்களே? அண்ணன் தம்பி மாதிரி நிக்கிறாங்களே?"

"மீச மொளைக்கட்டும்" என்றார்.

ஒன்பதாம் நாள் எனக்கு முன்பே வந்து சட்டிகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். ஒன்றும் பேசவில்லை. நான் சீண்டினேன். அப்போதும் பேசவில்லை. தோல்வி நெருங்கிவிட்டது, மனிதர் ஒடுங்கிவிட்டார் என்று எனக்குள் மகிழ்ந்தேன். பத்தாம் நாளும் பதினோராம் நாளும் அவர் வரவே இல்லை. என் வெற்றி நிச்சயம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் சந்தை நாள். சட்டிகளைச் சுற்றி நல்ல கூட்டம். வேடியப்பன் வந்தார். சட்டிகளைப் பார்க்காமல் என் எதிரில் குந்தினார்.

"வாத்தியாரே, ஒரு சங்கதி கேக்கணும். உங்க ஊரு நெல்லுல களை எடுப்பாங்களே, புல்லும் நாத்தும் ஒரே மாதிரி இருக்குமே, எத்தப் புடுங்குறது, எத்த வுடுறதுன்னு எப்பிடித் தெரியும்?"

இதென்ன கேள்வி என்று எனக்கு எரிச்சல். "இலை தண்டைத் தழுவுற எடத்துல பிரிச்சுப் பாத்தா நெல்லுக்குச் சின்னதா வெள்ளையா ஒரு நாக்கு இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கே இருக்காது. மொட்டையா இருக்கும். எங்க ஊர்ல நடக்கத் தெரிஞ்ச புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்பிடியா? எங்க, இதுல ஒரு எலையப் பிரிச்சிக் காட்டுங்க பாப்போம்."

இடது சட்டியில் ஒரு நாற்றைக் கிள்ளினேன். இலையை மெல்லப் பின்னுக்கு வளைத்தேன். இலையும் தண்டும் சேருமிடத்தில் மெல்லிய மயிர் வரிசையாக ஒரு நாக்கு. சாமைக்கு நாக்கு உண்டு. வலது சட்டியில் கிள்ளினேன். வளைத்தேன்.

மொட்டை.

இன்னொன்றைக் கிள்ளினேன். மொட்டை. மூன்றாவது, நான்காவது. வெட்கமாக இருந்தது. வெட்கம் மட்டும் இல்லை, சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய கதவு திறந்தது போல் இருந்தது! நான் சிறுவயதில் இடுப்பு ஒடியப் பிடுங்கி வரப்பில் எறிந்த குதிரைவாலிப் புல்லின் உறவுக்காரர்தான் இந்தச் சாமா. தெற்கே குதிரைவாலி என்று விதைத்து உண்கிறார்களே, அந்தத் தவசம். மலையில் நாங்கள் எவரும் கண்டதில்லை. வடக்கே போன சொல் போன இடத்தில் வேறொரு தவசத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது! பெயர் ஒன்று, ஆள் வேறு! பட்டாளத்துச் சமையற்கட்டில் முதல் கவளத்தில் வேடியப்பன் கண்டது இதைத்தான். நான் எழுதாமல் விட்டதும் இதைத்தான்.

நிமிர்ந்தேன். மலையே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லாமல் இருக்க முடியாது. "இது சாமை இல்லை. குதிரைவாலி. நல்ல தவசந்தான். ஆனா நம்ம சரிவுல, நம்ம மழைக்கு எப்படி வரும்னு யாருக்கும் தெரியாது. நம்பி இந்த ஒரு மழையைப் பந்தயம் கட்டாதீங்க. நான் சொன்னது தப்பு."

வேடியப்பன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களாடா! வாத்தியாரே கண்டுபுடிச்சாரு! நாக்க வச்சே கண்டுபுடிச்சாரு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கூவினார். வென்றவர் அவர். கைதட்டு எனக்கு.

மூட்டைகள் திரும்பிப் போயின. "எடை போடுவது மட்டுமே உமது வேலை" என்று எனக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு மலையின் விதைப்பைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த சான்றிதழ் அது ஒன்றுதான்.

விதைக்கு என்ன செய்வது? வேடியப்பனும் நானும் கிளம்பினோம். ஜீப் போகும் வரை ஜீப்பில், பிறகு கால்நடையாக, மலையின் அடுத்த பக்கத்து ஊர்களில் வீடு வீடாகக் கேட்டோம். "சாமை இருக்குதா?" என்று நான் கேட்பேன். "காட்டுங்க" என்று அவர் கேட்பார். ஒரு வீட்டில் அந்த அம்மாள், "சாமைன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று சண்டைக்கு வந்தார். "உங்கள நம்புறேன் தாயி. பேரத்தான் நம்பறதில்ல. பேரால ஒரு தடவ ஏமாந்தேன், வாத்தியாரு ஒரு தடவ ஏமாந்தாரு. போதும்" என்றார் வேடியப்பன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, குதிரின் அடியைச் சுரண்டி அரை மரக்கால் அளந்தார். இப்படிச் சேர்ந்த விதைதான் அந்த ஆடியில் புதூர்நாட்டுச் சரிவுகளில் விழுந்தது. அந்த வருஷம் தையில் நீங்கள் பொங்கியது அந்தச் சாமையைத்தான்.

பதினாறாம் நாள் போனேன். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்தபின் அவர் மனைவி மங்கம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முடிக்காத அஞ்சலட்டையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் படித்துக் காட்டினேன்.

"இன்னும் நீங்க அத்த வுடலயா அண்ணா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு, "மராத்திக்காரரு தவசத்தக் காட்டுனாரா?" என்று கேட்டார்.

நான் அதைக் கேட்கவே இல்லை!

"அவரு இருந்திருந்தா அத்தத்தான் மொதல்ல கேட்டிருப்பாரு" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "அண்ணா, உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்தச் சட்டிய அவரு ஒம்பதாம் நாளே கிள்ளிப் பாத்துட்டாரு."

"எதை?"

"நாக்கத்தான். கல்யாணமான புதுசுல நாங்க ரெண்டு பேரும் உங்க ஊருப் பக்கந்தான் நெல்லுக்குக் களை எடுக்க எறங்குவோம். அப்பக் கத்துக்கிட்டது. அன்னிக்கி வூட்டுக்கு வந்து, 'மங்கா, மொட்டை'ன்னாரு. 'அப்ப ஓடிப்போயி சொல்லுய்யா'ன்னேன். 'நான் சொன்னா கதைம்பானுங்க. வாத்தியாரு வாயால கட்டுனாரு, வாத்தியாரு வாயாலதான் அவுக்கணும். அப்பத்தான் ஜனம் கேக்கும்'ன்னுட்டாரு. மூணு நாளு சோறு எறங்கல மனுசனுக்கு. 'வாத்தியாரு கண்ணுல படணுமே, படணுமே'ன்னு பொலம்பிக்கிட்டே கெடந்தாரு."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இத்தனை வருஷமாக நான் கண்டுபிடித்ததாக ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தேனே! ஒருமுறையாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? ஒவ்வொரு சண்டையிலும் இதை எடுத்து என் தலையில் போட்டிருக்கலாம். நான் வாயடைத்துப் போயிருப்பேன். அவர் போடவில்லை.

திரும்பும் வழியில் ஆரணிக்குப் போய்த் தையற்காரரைப் பிடித்தேன். "சாவா என்றீர்களே, அது எந்தத் தவசம், காட்டுங்கள்" என்றேன். "அம்மா சொன்ன பேருங்க, தவசத்த நான் பாத்ததே இல்லீங்க" என்றார். ஆகவே ஆறாவது இடம் என் நோட்டில் காலியாகவே இருக்கிறது. தவசத்தைக் காணாமல் அதை நிரப்ப மாட்டேன். இது வேடியப்பன் எனக்கு விட்டுப்போன பழக்கம்.

சொல்லின் பிறப்பிடம் பற்றிய சண்டையில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. "சாமை: தமிழ்" என்று மையால் எழுதியதை அழிக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக விட்டுக்கொடுத்தால் அவருக்கே பிடிக்காது.

ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னும் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் கிள்ளிய இரண்டு இலைகளை அன்றே அங்கே ஒட்டி வைத்தேன். காய்ந்து பழுப்பேறிவிட்டாலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் இன்றும் தெரியும். ஒன்றுக்கு நாக்கு இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை. நாக்குள்ளதன் கீழே பல வருஷங்களுக்கு முன்பே என் பெயரை எழுதிவிட்டேன், கண்டுபிடித்தவன் என்று. மலையிலிருந்து இறங்கிய அன்று, நாக்கில்லாததன் கீழே வேடியப்பன் பெயரை எழுதினேன்.